பதின்ம வயதுக் கஞ்சாப் பயன்பாடும் உளநலமும்

பதின்ம வயதில் கஞ்சா பயன்படுத்துவதற்கும் இளமைப் பருவத்தில் தோன்றும் உளநலக் குறைபாடுகளுக்கும் இடையிலான தொடர்பு, உளநோய் மருத்துவத்தில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் ஒரு வினா ஆகும். மனச்சிதைவு, அதனையொத்த உளப்பிறழ்வு நோய்கள், மனச்சோர்வு ஆகியன இதில் கூடுதலாக ஆராயப்பட்டவை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கஞ்சா நோயை உண்டாக்குகின்றதா, அல்லது நோய்க்கு ஆளாகக் கூடியவர்களே கஞ்சாவை நாடுகின்றனரா என்பதே சிக்கலாகும்.

சுவீடன் ஆய்வு

1969-70 ஆம் ஆண்டுகளில் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட 45,570 சுவீடன் இளைஞர்களின் தரவுகளை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு 1987 இல் வெளியானது. 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியதாகக் கூறியவர்களிடையே, அடுத்த 15 ஆண்டுகளில் மனச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு கஞ்சா பயன்படுத்தாதவர்களை விட ஆறு மடங்காக இருந்தது. குடும்பச் சூழல், முன்பே இருந்த உளநலக் குறைபாடு போன்றவற்றைக் கணக்கில் கொண்டபோது இம்மடங்கு வெகுவாகக் குறைந்தது. எனினும் முற்றிலும் மறையவில்லை.

டுனெடின் ஆய்வு

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73 இல் பிறந்த 1,037 பேரைச் சிறுவயது முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு இது. இவர்களிடம் 11 வயதிலேயே உளப்பிறழ்வு அறிகுறிகள் பற்றிக் கேட்டறியப்பட்டிருந்தமை இதன் தனிச்சிறப்பு. கஞ்சாவுக்கு முன் என்ன இருந்தது என்பதை நினைவிலிருந்து கேட்காமல், அக்காலத்திலேயே எழுதி வைத்த பதிவிலிருந்து அறிய முடிந்தது.

2002 இல் வெளியான முடிவுகளின்படி, 15 வயதிலேயே கஞ்சாவைத் தொடங்கியவர்களில் 10.3 விழுக்காட்டினருக்கு 26 வயதில் மனச்சிதைவை ஒத்த நோய் காணப்பட்டது. பயன்படுத்தாதவர்களிலும் ஓரிரு முறை மட்டும் பயன்படுத்தியவர்களிலும் இது 3 விழுக்காடு. செய்தித்தாள்களில் இவ்விழுக்காடுகள் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்டன. ஆனால் 15 வயதில் தொடங்கியவர்கள் மொத்தம் 29 பேர் மட்டுமே, 10.3 விழுக்காடு என்பது மூன்று பேர். அத்துடன், 11 வயதில் இருந்த அறிகுறிகளைக் கணக்கில் கொண்டதும் இவ்வேறுபாடு புள்ளியியல் முறையில் உறுதியற்றதானது. நோய்நிலை அல்லாத உளப்பிறழ்வு அறிகுறிகளைப் பொறுத்தவரை, அவ்வாறு கணக்கில் கொண்ட பின்னும் தொடர்பு நிலைத்தது.

நுண்ணறிவு ஈவு பற்றிய 2012 ஆம் ஆண்டு முடிவும் இதே ஆய்விலிருந்து பெறப்பட்டதே. பதின்ம வயதில் தொடங்கிப் பல்லாண்டுகள் கஞ்சாவுக்கு அடிமையாக இருந்தவர்களிடம் 38 வயதளவில் சுமார் 8 புள்ளிகள் குறைந்திருந்தன. ஆனால் 2016 இல் வெளியான அமெரிக்க இரட்டையர் ஆய்வில், கஞ்சா பயன்படுத்தியவருக்கும் பயன்படுத்தாத உடன்பிறப்புக்கும் இடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. எனவே சரிவுக்குக் குடும்பச் சூழலும் காரணமாகலாம்.

மூளையில் நிகழ்வது

கஞ்சாவின் மயக்கம் தரும் பொருளான டெட்ராஐதரோகன்னாபினோல் (டி.எச்.சி) மூளையில் உள்ள சிபி1 என்னும் ஏற்பிகளில் பிணைகின்றது. இவ்வேற்பிகளை இயல்பாகத் தூண்டும் பொருள் ஒன்றை உடலே சுரக்கின்றது. 1992 இல் அது கண்டறியப்பட்டபோது, சமசுகிருதத்தின் ஆனந்தம் என்ற சொல்லைக் கொண்டு அனந்தமைடு எனப் பெயரிடப்பட்டது. இவ்வமைப்பு நரம்புக்கலங்களுக்கு இடையிலான செய்தியின் அளவைக் கட்டுப்படுத்துகின்றது. திட்டமிடல், தன்னடக்கம் ஆகியவற்றுக்குரிய முன்மூளைப் புறணி இருபது வயதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ச்சி அடைந்துகொண்டே இருப்பதால், அக்காலத்தில் வெளியிலிருந்து வரும் டி.எச்.சி இம்முதிர்ச்சியைக் குழப்பக்கூடும் எனக் கருதப்படுகின்றது. இதற்கான சான்றுகளில் பெரும்பகுதி விலங்காய்வுகளிலிருந்தே கிடைத்துள்ளது.

வீரியம்

டுனெடின் சிறுவர்கள் 1980களில் புகைத்த கஞ்சாவும் பிற்காலக் கஞ்சாவும் ஒன்றல்ல. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி அளவு 1995 இல் ஏறத்தாழ 4 விழுக்காடு. 2014 இல் ஏறத்தாழ 12 விழுக்காடு. ஐரோப்பா, பிரேசில் ஆகியவற்றின் பல நகரங்களில் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் வீரியம் மிக்க கஞ்சா பயன்படுத்துவோருக்கு உளப்பிறழ்வு வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. ஆகவே பழைய ஆய்வுகளின் எண்களை அப்படியே இக்காலத்துக்குப் பொருத்துதல் சரியன்று.

மனச்சோர்வு

11 ஆய்வுகளை இணைத்த 2019 ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், 18 வயதுக்கு முன் கஞ்சா பயன்படுத்தியோருக்கு இளமைப் பருவத்தில் மனச்சோர்வுக்கான வாய்ப்பு விகிதம் 1.37 ஆக இருந்தது. தற்கொலை முயற்சியுடனும் தொடர்பு காணப்பட்டது. பதற்ற நோயுடன் உறுதியான தொடர்பு காணப்படவில்லை. இவ்விகிதம் சிறிதே எனினும், மனச்சோர்வு மனச்சிதைவை விடப் பன்மடங்கு பரவலான நோய் என்பதால் பாதிக்கப்படுவோர் தொகை பெரிதாகலாம்.

பதின்ம வயதில் கஞ்சா பயன்படுத்திய பெரும்பாலானோருக்கு மனச்சிதைவு ஏற்படுவதில்லை. குடும்பத்தில் அந்நோய் உள்ளவர்கள், இளவயதில் தொடங்குபவர்கள், நாள்தோறும் பயன்படுத்துபவர்கள் ஆகியோருக்கே இடர் கூடுதல். முதல்முறை உளப்பிறழ்வு ஏற்பட்ட பின்னும் கஞ்சாவைத் தொடர்வோருக்கு நோய் மீளும் வாய்ப்பு, நிறுத்தியவர்களை விட அதிகமாகக் காணப்படுகின்றது.