கோழிக்குப் பார்லி ஆகுமா?

“தம்பி, மீந்துபோன பார்லியைக் குஞ்சுகளுக்குப் போடலாமா?” என்று எங்கள் தெருவில் கோழி வளர்க்கும் அக்கா ஒருவர் கேட்டார். வியாசர்பாடிச் சந்துகளில் ஐந்தாறு கோழி வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது வெறும் ஐயமன்று; காசு சம்பந்தப்பட்ட விஷயம். முட்டையின் அடக்க விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தீவனத்துக்கே போய்விடுகிறது. மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுப்பது அண்மை ஆண்டுகளில் பெருகியபின், நாமக்கல் பண்ணையாளர்களே தானிய விலையை எண்ணிக் கவலைப்படுகிறார்கள். வேறு தானியம் தேடுவது இயல்புதானே!

பார்லியில் புரதம் மக்காச்சோளத்தைவிடச் சற்று அதிகம். எரிசக்தியோ குறைவு: மக்காச்சோளம் கிலோவுக்கு ஏறத்தாழ 3,300 கிலோ கலோரி தரும், பார்லி 2,700 அளவில் நின்றுவிடும். ஆனால் உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. கோடையில் நாம் குடிக்கும் பார்லிக் கஞ்சி ஆறினால் கொழகொழவென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மாவுச்சத்து ஒரு காரணம். பீட்டா குளுக்கான் என்னும் பொருள் மற்றொரு காரணம். மாவுச்சத்தைப் போலவே இதுவும் குளுக்கோஸ் மணிகள் கோத்த சங்கிலிதான். கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. அந்தக் கண்ணியை வெட்டும் நொதி கோழியின் உடலில் சுரப்பதில்லை.

அதனால் குஞ்சின் குடலில் இது கரைந்து பசையாகிறது. செரிமான நீர்கள் உணவோடு கலப்பதில்லை; கொழுப்பும் புரதமும் குடற்சுவரைச் சேர்வதில்லை. எச்சம் ஈரமாக ஒட்டுகிறது, கூண்டுத் தரை நனைகிறது, குஞ்சு எடை ஏறாமல் நிற்கிறது. வளர்ந்த கோழி ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆகவே அந்த அக்காவுக்கு நான் சொன்ன விடை: பெரிய கோழிக்குக் கொஞ்சம் கலக்கலாம், குஞ்சுக்கு வேண்டாம்.

1950-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஆய்வாளர்கள், பார்லித் தீவனத்தில் நொதி சேர்த்தால் குஞ்சுகள் நன்றாக வளர்வதைக் கண்டனர். பார்லியை நீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுத்தாலும் பயன் கூடியது! பின்னர் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் வளர்த்து எடுக்கும் பீட்டா குளுக்கனேஸ், பார்லி மிகுதியாக விளையும் வட ஐரோப்பாவில் தீவனத்தோடு கலக்கப்பட்டது. இந்நொதி நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. அவ்வளவில் பசை இளகிவிடுகிறது.

நம் நாட்டில் பார்லி பெரும்பாலும் இராஜஸ்தான், உத்தரப் பிரதேசப் பயிர். நம்மூர்க் கோழிக்கு வாய்ப்பது மக்காச்சோளம், கம்பு, நொய், தவிடு. கம்பிலும் மக்காச்சோளத்திலும் அந்தப் பசை மிகக் குறைவு. எனவே “நொதி நல்லது” என்று கேள்விப்பட்டுப் பார்லிக்குரிய நொதியைக் கம்போடு கலப்பது, சாவியை வேறு பூட்டுக்குப் போடுவது போலத்தான்.

தவிட்டின் கதை வேறு. அதில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. ஆனால் பெரும்பகுதி ஃபைட்டிக் அமிலத்துள் அடைபட்டுக் கிடக்கிறது. கோழியால் அதை அவிழ்க்க முடியாமல் எச்சத்தோடு வெளியேற்றிவிடுகிறது. எலும்புக்கும் முட்டைக்கும் வேண்டிய பாஸ்பரஸைத் தனியே விலை கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஃபைட்டேஸ் என்னும் நொதி அந்தப் பூட்டைத் திறக்கிறது. 1991-இல் நெதர்லாந்தில் இது விற்பனைக்கு வந்ததற்குச் செலவு மட்டும் காரணமன்று. எருவிலுள்ள பாஸ்பரஸ் நீர்நிலைகளில் சேர்ந்து பாசி மண்டச் செய்ததும் காரணம். தமிழ்நாட்டுக்குப் பார்லி நொதியைவிட இதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நொதி என்பது புரதம். சூடு பட்டால் கெட்டுவிடும். தீவனத்தை ஆவியில் வேகவைத்துக் குச்சியாக அழுத்தும் ஆலைகளில் வெப்பம் 80 பாகை செல்சியஸைத் தாண்டுவதுண்டு. அங்கே வெப்பம் தாங்கும் வகையைச் சேர்க்கிறார்கள், அல்லது ஆறியபின் தெளிக்கிறார்கள். வீட்டில் தவிட்டைக் கஞ்சியாகக் காய்ச்சிப் போடுபவர்கள், அது கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கியபிறகு நொதிப்பொடியைக் கலக்க வேண்டும்.