உலக நைட்ரஜன் உற்பத்திக் கணக்கும் உழவரின் எரு மூட்டையும்

விளைச்சலைக் கலமென்றும் மூட்டையென்றும் அளந்து கணக்கு வைப்பது குடியானவர்களுக்குப் பழகிய காரியம். ஆனால் அவ்விளைச்சலுக்குத் துணை நிற்கும் ரசாயன எரு எந்தெந்தத் தேசங்களில், எவ்வளவு உற்பத்தியாகிறது என்னும் கணக்கைக் கவனிப்போர் மிகச் சிலரே. தொழிற்சாலைப் பொருள்களைப் பற்றிய சர்வதேசப் புள்ளி விவரங்கள் வியாபாரிகளுக்கும் சர்க்காருக்கும் மட்டுமே உரியவை என்பது பொதுவான எண்ணம். அது சரியன்று. இரும்பையும் சிமெண்டையும் போலவே யூரியாவும் ஓர் ஆலைச் சரக்கு. அதன் உலக உற்பத்தியில் ஏற்றத்தாழ்வு நேருமாயின், சில மாதங்களுக்குள் அது கிராமத்து எருக்கடையில் வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே இக்கணக்குகள் எவ்வாறு தோன்றின, அவற்றைப் படிக்கும் முறை யாது, அவற்றால் உழவர் அறியத்தக்கது என்ன என்பவை ஈண்டு விளக்கப்படுகின்றன.

சர்வதேசக் கணக்கெடுப்பின் தோற்றம்

உலகப் புள்ளி விவரங்களை ஒழுங்காகத் திரட்டும் முயற்சி விவசாயிகளின் நன்மையை முன்னிட்டே தொடங்கியதென்பது குறிப்பிடத்தக்கது. டேவிட் லூபின் என்பவர் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் வியாபாரம் செய்து வந்தவர். உலகின் மொத்த விளைச்சல் எவ்வளவு என்று உழவனுக்குத் தெரியாதிருப்பதாலேயே, அதனை அறிந்த பெரு வியாபாரி விலையைத் தன் விருப்பப்படி நிர்ணயிக்க முடிகிறது என்பது அவர் கண்ட உண்மை. பல நாடுகளில் முயன்றும் ஆதரவு கிட்டாத அவர், முடிவில் இத்தாலி தேசத்து அரசரை அணுகினார். அதன் பயனாக 1905-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் சர்வதேச விவசாய ஸ்தாபனம் நிறுவப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின் அதன் பணியை, 1945-இல் தோன்றிய ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது.

ஆலைப் பொருள்களின் கணக்கு இதற்குப் பிற்பட்டது. 1928-இல் ஜினீவா நகரில் பல தேசங்கள் கூடிப் பொருளாதாரப் புள்ளி விவரங்களைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியாவில் 1942-இல் தொழிற் புள்ளி விவரச் சட்டம் இயற்றப்பட்டு, 1946 முதல் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு நடைபெறலாயிற்று. இக்காலத்தில் ஐக்கிய நாடுகளின் புள்ளி விவரப் பிரிவு ஏறக்குறைய 600 ஆலைப் பொருள்களின் உற்பத்தியை நாடுவாரியாகத் தொகுத்து வெளியிடுகிறது. அவற்றுள் எரு வகைகளும் அடங்கும்.

பாலைவன உப்பும் காற்றின் நைட்ரஜனும்

எருக்களுள் தழைச்சத்தாகிய நைட்ரஜனின் வரலாறு, இக்கணக்குகளின் பயனை நன்கு விளக்கும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வயல்களுக்கு இச்சத்தை மிகுதியாக அளித்தது தென் அமெரிக்காவின் அடகாமா பாலைவனத்தில் வெட்டியெடுக்கப்பட்ட சிலி நைட்ரேட். 1879-இல் சிலி தேசத்திற்கும் பெரு, பொலிவியா தேசங்களுக்கும் மூண்ட யுத்தத்தின் முடிவில் அப்பூமி முழுவதும் சிலியின் வசமாயிற்று. 1898-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் குரூக்ஸ் என்னும் ரசாயன சாஸ்திரி ஓர் எச்சரிக்கை விடுத்தார். கோதுமை உண்ணும் ஜனங்கள் பெருகி வருகின்றனர். பாலைவன உப்போ ஒருநாள் தீர்ந்துபோகும். ஆதலால் காற்றிலுள்ள நைட்ரஜனை எருவாக மாற்றும் வழியை ரசாயனிகள் கண்டுபிடித்தேயாக வேண்டும் என்பது அவர் கூற்று. அவர் இம்முடிவுக்கு வந்தது விளைநிலம், ஜனத்தொகை, கோதுமை விளைச்சல் ஆகியவற்றின் புள்ளி விவரங்களைக் கொண்டேயாம்.

1909-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹாபர் அவ்வழியைச் செய்து காட்டினார். காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜன் வாயுவையும் மிகுந்த அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் சேர்த்தால் அம்மோனியா கிடைக்கும். கார்ல் போஷ் அதனை ஆலைத்தொழிலாக்கினார். 1913-இல் ஒப்பௌ என்னும் ஊரில் திறக்கப்பட்ட முதல் ஆலை, நாளொன்றுக்கு 30 டன் அம்மோனியா செய்யத்தக்கது. இன்றைய பெரிய ஆலை ஒன்றே நாளொன்றுக்கு 2,000 டன்னுக்கு மேல் செய்கிறது. 1913-இல் உலக எரு நைட்ரஜனில் பாதிக்கு மேல் அளித்த சிலி நைட்ரேட்டின் பங்கு, 1930-களின் நடுவில் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகத் தாழ்ந்துவிட்டது.

இங்குக் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. காற்று எங்கும் இலவசமாகக் கிடைப்பது. ஹைட்ரஜனோ அவ்வாறு கிடைப்பதன்று. அதனை நிலக்கரியிலிருந்தோ, இயற்கை வாயுவிலிருந்தோ, எண்ணெயிலிருந்தோதான் பெரும்பாலும் பெறுகின்றனர். எனவே நைட்ரஜன் எருவின் கணக்கு உண்மையில் எரிபொருளின் கணக்கே ஆகும்.

கணக்கைப் படிக்கும் முறை

புள்ளி விவரங்களைப் படிப்போர் நான்கு விஷயங்களில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, நிறுத்த பொருள் எது என்பது. 2020-இல் உலக அம்மோனியா உற்பத்தி சுமார் 18.5 கோடி டன் என்று ஒரு கணக்குக் கூறுகிறது. சுமார் 15 கோடி டன் என்று மற்றொன்று கூறுகிறது. இரண்டும் சரியே. முன்னது அம்மோனியாவின் எடை. பின்னது அதிலடங்கிய நைட்ரஜனின் எடை. 100 கிலோ அம்மோனியாவில் நைட்ரஜன் 82 கிலோ மட்டுமே.

இரண்டாவது, ஒரே சத்தை இருமுறை எண்ணுதல். யூரியா அம்மோனியாவிலிருந்தே செய்யப்படுவது. ஒரு டன் யூரியாவுக்கு ஏறக்குறைய 0.57 டன் அம்மோனியா செலவாகிறது. இரண்டின் உற்பத்தியையும் கூட்டி மொத்தம் காண்பவர், நெல்லையும் அதிலிருந்து குத்தியெடுத்த அரிசியையும் கூட்டி விளைச்சல் சொல்பவருக்கு ஒப்பாவார்.

மூன்றாவது, எந்த ஆண்டு என்பது. இந்தியக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. உணவு விவசாய ஸ்தாபனம் முன்னர் எருக்கணக்கை ஜூலை முதல் ஜூன் வரை எழுதி, பின்னர் ஜனவரி முதல் டிசம்பர் வரை என மாற்றிக்கொண்டது. டன்னும் ஒன்றன்று: மெட்ரிக் டன் 1,000 கிலோ, பழைய ஆங்கில டன் 1,016 கிலோ, அமெரிக்கச் சிறு டன் 907 கிலோ.

நான்காவது, ஆலையின் சக்தி வேறு, உற்பத்தி வேறு. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் செய்யவல்ல ஆலையும் எரிபொருள் கிட்டாதாயின் பூட்டியே கிடக்கும்.

இவற்றுள் முதலாவதன் முக்கியத்துவத்தை இந்தியாவின் கணக்கைக்கொண்டே காணலாம். 1943-இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் நேர்ந்த காலத்தில், எரு உற்பத்தியைப் பெருக்க வேண்டுமென்று உணவு தானியக் கொள்கைக் கமிட்டி வற்புறுத்தியது. அதன்பின் எழுந்ததே சிந்திரி தொழிற்சாலை. 1951-இல் வேலை தொடங்கிய அவ்வாலை ஆண்டுக்கு 3.5 லட்சம் டன் அம்மோனியம் ஸல்பேட் செய்வதற்கென அமைந்தது. 2023–24-இல் இந்தியாவின் யூரியா உற்பத்தி 314 லட்சம் டன். எடையை மட்டும் ஒப்பிட்டால் இது சிந்திரியின் அளவைப் போல் 90 மடங்கு. ஆனால் அம்மோனியம் ஸல்பேட்டில் நைட்ரஜன் நூற்றுக்கு 20.6, யூரியாவில் 46. சத்தைக்கொண்டு ஒப்பிட்டால் வளர்ச்சி 200 மடங்கு என்பது விளங்கும்.

உற்பத்தி எங்கே நடைபெறுகிறது?

அம்மோனியா உற்பத்தியில் சீனா முதல் ஸ்தானத்தில் உள்ளது. உலக மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் அங்கேயே ஆகிறது. ருஷியா, அமெரிக்க ஐக்கிய நாடுகள், இந்தியா ஆகியவை அடுத்து நிற்பவை. யூரியாவை மட்டும் எடுத்துக்கொண்டால் சீனாவுக்கு அடுத்தபடி இந்தியாவே. தென்னிந்தியாவில் 1906-இல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலை தோன்றியது. 1947-இல் ஆல்வாயில் அம்மோனியம் ஸல்பேட் ஆலை விறகை எரிபொருளாகக் கொண்டு வேலை தொடங்கியது. மணலியில் 1971-லும், தூத்துக்குடியில் 1975-லும் யூரியா ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின.

இவ்வளவிருந்தும் 2023–24-இல் யூரியா விற்பனை 357 லட்சம் டன்னாக இருந்ததால், சுமார் 70 லட்சம் டன் வெளிநாடுகளிலிருந்து வந்தது. இதனைக் கொண்டு, தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சொந்த உற்பத்தியே என்று மகிழத் தோன்றும். ஆனால் அவ்வாலைகளுக்கு வேண்டிய இயற்கை வாயுவின் பெரும் பகுதி, கத்தார் முதலிய தேசங்களிலிருந்து திரவமாக்கப்பட்டுக் கப்பலில் வருவது. ஆகவே உற்பத்திக் கணக்கில் ‘உள்நாடு’ என்று எழுதப்படும் மூட்டையின் உள்ளும் வெளிநாட்டு வாயுவே அடங்கியுள்ளது. சாம்பல் சத்தாகிய பொட்டாஷைப் பொறுத்தமட்டில் இந்தியா முற்றிலும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. 2021-இல் உலகப் பொட்டாஷ் உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனடா, ருஷியா, பெலாரூஸ் என்னும் மூன்றே தேசங்களுடையது.

2021, 2022-ஆம் ஆண்டுகளின் அனுபவம்

உற்பத்தி சில தேசங்களிலேயே குவிந்திருத்தலின் விளைவு 2021-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு வாயுவின் விலை ஏறியது. அக்டோபரில் சீனா எரு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1922-இல் அன்று, ஒரு நூற்றாண்டு கழிந்து 2022 பிப்ரவரியில், ஐரோப்பாவின் கீழ்ப்பகுதியில் ருஷியாவுக்கும் உக்ரேனுக்கும் யுத்தம் மூண்டது. 2020-இல் சராசரியாக டன்னுக்குச் சுமார் 230 டாலராயிருந்த யூரியாவின் உலக விலை, 2022-இல் சராசரி 700 டாலராக உயர்ந்தது. ஐரோப்பாவில் பல அம்மோனியா ஆலைகள் வாயு விலை தாளாமல் உற்பத்தியைக் குறைத்தன. ஒப்பௌவை உள்ளடக்கிய லுட்விக்ஸ்ஹாபன் நகரில், அத்தொழில் பிறந்த இடத்திலேயே, இருந்த இரண்டு அம்மோனியா ஆலைகளுள் ஒன்றை மூடப்போவதாக 2023 பிப்ரவரியில் அறிவிப்பு வெளியாயிற்று.

இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் சேர்த்து 266 ரூபாய் 50 காசு என்ற அளவிலேயே நிறுத்தப்பட்டது. அதன் பாரத்தைச் சர்க்கார் தாங்கிற்று. 2022–23-இல் எரு மானியம் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அத்தகைய காப்பு இல்லாத பொட்டாஷ் மூட்டையோ 2022-இல் 1,700 ரூபாயளவுக்கு ஏறியது. சாம்பல் சத்தை இடாமலே பலர் விட்டுவிடுவதற்கு இத்தகைய விலையேற்றமே ஏதுவாகிறது.

ஆலை எருவை அடியோடு விலக்கிவிடலாமென்பதும் தக்க வழியன்று. இலங்கையில் 2021-இல் ரசாயன எரு இறக்குமதி திடீரென்று தடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டும், அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது.

குடியானவர் செய்யத்தக்கது

உலகப் புள்ளி விவர ஸ்தாபனங்கள் செய்வது போலவே, குடியானவரும் எருவை மூட்டையாக எண்ணாமல் சத்தாக எண்ணிப் பழக வேண்டும். நூறு கிலோவில் அடங்கிய நைட்ரஜன் உத்தேசமாக வருமாறு:

யூரியா — 46 கிலோ
அம்மோனியம் ஸல்பேட் — 20.6 கிலோ
கடலைப் பிண்ணாக்கு — 7 கிலோ
பச்சைத் தக்கைப்பூண்டு — அரைக் கிலோ

ஏக்கருக்கு 50 கிலோ நைட்ரஜன் வேண்டுமெனக் கொண்டால், யூரியாவாயின் சுமார் 109 கிலோவும், அம்மோனியம் ஸல்பேட்டாயின் சுமார் 243 கிலோவும் இட வேண்டும். மண் பரிசோதனை செய்து தேவையை அறிந்த பின்னரே இக்கணக்கைப் போடுதல் நலம்.

இட்டது முழுவதும் பயிரைச் சேர்வதில்லை என்பதையும் மறக்கலாகாது. சேற்று வயலில் இடும் யூரியாவின் நைட்ரஜனில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகவே நெற்பயிர் கவர்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ஆவியாகவும் நீரோடும் வீணாகிறது. ஒரே முறையில் கொட்டாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் என்று பிரித்திடுதல், மேலுரமிடும் முன் நீரை வடித்தல், இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுதல் ஆகியவற்றால் இந்நஷ்டத்தைக் குறைக்கலாம்.

மேலும், ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை தெளித்து, 45 நாளில் மடக்கி உழுதால், சுமார் 4 டன் பசுந்தழை கிடைக்கும். அதில் சுமார் 20 கிலோ நைட்ரஜன் உண்டு. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவே உள்ளது. பூமிக்கும் பருவத்திற்கும் ஏற்ப இது கூடியும் குறைந்தும் இருக்கலாம். எனினும் தண்ணீருக்கும் சாகுபடிக்கும் இடையே ஒன்றரை மாதம் இடைவெளி கிடைக்குமிடங்களில், ஒரு மூட்டை எருவைத் தம் வயலிலேயே உண்டாக்கிக்கொள்ளுதல் குடியானவருக்குக் கைகூடும் காரியமே. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் அவ்வேலையைத் தக்கைப்பூண்டின் வேர் முடிச்சுகள் செய்கின்றன. அதற்கு வாயுவும் வேண்டுவதில்லை, கப்பலும் வேண்டுவதில்லை. இவ்வுற்பத்தி எந்தத் தேசத்துக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆயினும் உலக விலை ஏறும் ஆண்டில் அதன் பயனை அக்குடியானவர் தம் வரவு செலவில் தெளிவாகக் காண்பார்.