ரம்முக்குப் பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது?

கரும்புப் பாகுக் கழிவைப் புளிக்கவைத்து வடிக்கும்போது சொட்டும் ரம்முக்கு நிறமே கிடையாது. டெக்கிலாவும் அப்படித்தான். பிறகு அந்தப் பொன்பழுப்பு எப்படி வந்தது?

மரத்திலிருந்து! ஓக் பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். சூட்டில் மரம் சிதைந்து, நிறமும் வெனிலா மணமும் தரும் பொருள்கள் உருவாகும். மதுவில் இவை மெல்லக் கரையும். மரத்தின் நுண்துளை வழியே காற்றும் நுழைந்து காரத்தைத் தணிக்கும்.

இதை விளக்கத் தேயிலையே போதும். கொதிநீரில் சாறு சட்டென இறங்கும்; பச்சைத்தண்ணீரில் நேரமெடுக்கும். ரொம்ப நேரம் ஊறினால்? கசக்கும்.

அதனால்தான் பாட்டிலில் உள்ள 12 ஆண்டு என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலுள்ள விஸ்கி ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் அம்ருத் விஸ்கி ஆலையில் 10 சதவீதத்துக்கும் மேல்! இந்த இழப்புக்கு ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர். நம் ஊர் தேவதைகளுக்குத் தாகம் அதிகம் போலும். வெப்பத்தில் மரச்சாறும் வேகமாக இறங்குவதால், இங்கே சில ஆண்டுகளே போதும்.

மெக்சிகோ விதிப்படி, ‘அன்யேஹோ’ டெக்கிலா குறைந்தது ஓராண்டு பீப்பாயில் இருக்க வேண்டும். ‘எக்ஸ்ட்ரா அன்யேஹோ’ மூன்றாண்டு. இலங்கைத் தென்னஞ்சாராயமோ உள்ளூர் ஹல்மில்ல மரத்தொட்டியிலும் முதிர்கிறது.

ஒப்பிட்டுச் சுவைப்பவர்கள் முதலில் முகர்வார்கள். பிறகு சில சொட்டு நீர் விடுவார்கள். அடங்கிக் கிடந்த மணம் மேலெழும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கருகவைத்த சர்க்கரை சேர்த்தும் ரம்மைக் கருப்பாக்கலாம்.