பாறுக் கழுகும் நிலத்தின் சமநிலையும்

நாம் வாழும் நிலம் எவ்வாறு உயிர்த்துடிப்புடன் இயங்குகிறது என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். சூரிய ஒளியைக் கொண்டு செடிகொடிகள் உணவு தயாரிக்கின்றன. அவற்றைக் காட்டில் மானும் ஊரில் மாடும் மேய்கின்றன. மானைப் புலி உண்கிறது. இறுதியில் மான், மாடு, புலி யாவும் மடிகின்றன. மடிந்தவற்றைக் கழுகுகளும் வண்டுகளும் புழுக்களும் நுண்ணுயிர்களும் உண்டு, அவற்றின் சத்தை மீண்டும் மண்ணில் சேர்க்கின்றன. அந்த மண்ணில்தான் அடுத்த புல் முளைக்கிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதன் தீங்கு மனிதனையே வந்தடையும்.

அவ்வாறு அறுந்த கண்ணிதான் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு. அதைக் கண்டு நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் அது கூட்டமாக இறங்கினால், இறந்த மாட்டைச் சிறிது நேரத்தில் வெறும் எலும்பாக்கிவிடும். அதன் இரைப்பையிலுள்ள கடும் அமிலம் அடைப்பான் நோய்க் கிருமியையும் அழிக்கவல்லது.

1990-களில் இந்தியாவில் இப்பறவைகள் பெருமளவில் மடியத் தொடங்கின. 1992-இல் 1,000 ஆக இருந்த வெண்முதுகுப் பாறுகள், 2007-இல் 1 என்ற அளவிற்குக் குறைந்துபோயின. காரணம் என்ன? 2004-இல் வெளியான ஆய்வு அதைத் தெளிவுபடுத்தியது. மாடுகளின் வலிக்காகக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கியிருந்து, அதை உண்ட கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது.

விளைவு? பிணங்கள் வெட்டவெளியில் அழுகின. நீர்நிலைகள் மாசடைந்தன. தெருநாய்கள் பெருகி, வெறிநாய்க்கடி அபாயமும் கூடியது. 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிரிழப்புகள் இதனால் கூடுதலாக நேர்ந்ததாகப் பொருளியல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. ஆயினும் பாறுக் கழுகு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். ஆகவே, விரைவில் அழிந்தது மெதுவாகத்தான் மீளும். தமிழகத்தில் இன்று நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கிலேயே அவை பெரும்பாலும் எஞ்சியுள்ளன.

எனவே, ஆடு மாடு வளர்ப்போரே! வீட்டிலுள்ள வலி மாத்திரையைக் கால்நடைக்குக் கொடுக்காதீர்கள். கால்நடை மருத்துவரை அணுகி, கழுகுகளுக்குத் தீங்கு விளைவிக்காத மெலாக்சிகாம் மருந்தைக் குறித்துக் கேளுங்கள். பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாம் அருவருக்கும் பறவைக்கும் அதில் ஒரு பணி உண்டு. இதை உணர்ந்து நடக்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!