பேர்லின் வீதியிற் பிறந்த பவனி

1989ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாம் நாள், சனிக்கிழமை. அக்காலத்தில் மேற்குப் பேர்லின் என வழங்கிய பாதி நகரத்தின் பெருங்கடைத் தெருவாகிய குர்ஃபுர்ஸ்டன்டாம் வழியே சுமார் 150 இளைஞர்கள் ஆடிக்கொண்டு சென்றனர். ஒலிபெருக்கி ஏற்றிய வாகனம் அவர்களோடு ஊர்ந்து சென்றது. பாட்டு என்று சொல்லத்தக்கது அதிலிருந்து அதிகம் எழவில்லை. மின்னியக்கக் கருவிகளிற் பிறந்த தாளமே ஓயாது ஒலித்தது. சாமான் வாங்க வந்த பேர்லின்வாசிகளுக்கு அது விளங்காத வேடிக்கையாகவே இருந்திருக்கும். பத்தே ஆண்டுகளில் அதே பவனியில் 15 இலட்சம் பேர் கலந்துகொண்டனர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதும் என எவரேனும் அன்று கூறியிருந்தால், அவரையும் அந்த வேடிக்கையின் ஒரு பகுதியாகவே கருதியிருப்பர்.

அப்பவனிக்கு இட்ட பெயர் 'லவ் பரேட்'. அன்பின் பவனி என்று நாம் சொல்லலாம். அதனை எண்ணிச் செயலாக்கியவர், 'டொக்டர் மொட்டே' என்ற புனைபெயரால் அறியப்பட்ட மத்தியாஸ் ரோயிங் என்னும் இசைத்தட்டுக் கலைஞர். அவருக்குத் துணைநின்றவர் டானியல் டி பிச்சோட்டோ என்ற அமெரிக்க ஓவியப் பெண்மணி. இவர்கள் செய்த முதற் காரியந்தான் நம் கவனத்துக்குரியது. களியாட்டம் என்று சொல்லி அனுமதி கேட்காமல், அரசியல் ஆர்ப்பாட்டம் என்றே அதனை அதிகாரிகளிடம் பதிவு செய்தனர். ஆர்ப்பாட்டம் என்றால் கோரிக்கை வேண்டுமல்லவா? "சமாதானம், மகிழ்ச்சி, அப்பம்" என்பதே அவர்களின் கோரிக்கை. சமாதானம் என்பது படைக்கலக் குறைப்பைக் குறிக்கும். மகிழ்ச்சி என்பது மொழி வேறுபாட்டைக் கடந்து மக்களை ஒன்றுசேர்க்கும் இசையைக் குறிக்கும். அப்பம் என்பது உணவு நீதியாகப் பங்கிடப்படுவதைக் குறிக்கும் என விளக்கமும் கூறினர். இம்மூன்று சொற்களும் சேர்ந்து, "எல்லாம் சுபமே" என்று நையாண்டியாகச் சொல்லும் ஜேர்மானிய மரபுத்தொடராகும் என்பதையும் வாசகர்கள் மனங்கொள்ளல் வேண்டும். பாதி விளையாட்டு, பாதி வினை. அந்தப் பாதிக்குப் பாதிதான் பின்னர் நீதிமன்றம் வரை சென்றது.

இந்த இசையின் பிறப்பும் சற்றே வினோதமானது. ரைன் நதிக்கரையிலுள்ள டுசல்டோர்ஃப் நகரில், 'கிராஃப்ட்வேர்க்' என்ற குழுவினர் 1970களில் மின்னியக்கக் கருவிகளைக் கொண்டு இசை அமைத்தனர். அவர்களின் இசைத்தட்டுகள் அமெரிக்காவுக்குச் சென்றன. மோட்டார் வாகனத் தொழில் நலிந்துகொண்டிருந்த டெட்ரோயிட் நகரத்தின் அயலிலே, ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் என்னும் மூன்று கறுப்பின இளைஞர் அவற்றைக் கேட்டனர். ஜப்பானிய ரோலண்ட் கம்பனி செய்து, வாத்தியக்காரர் பலர் வேண்டாமென்று விட்ட தாள இயந்திரங்கள் பழைய சாமானாக மலிவு விலைக்குக் கிடைத்த காலம் அது. கைக்கெட்டிய கருவியும் காதுக்கெட்டிய இசையும் கூட, 'டெக்னோ' பிறந்தது. அது கடல் கடந்து பேர்லினுக்கு வந்தபோது, தன் பாட்டன் வீட்டுக்குத் திரும்பிய பேரப்பிள்ளை என்றே அதனைச் சொல்லவேண்டும். டுசல்டோர்ஃப் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக. இக்கதை மறுபடியும் அந்நகருக்குப் போகவிருக்கிறது.

முதற் பவனி நடந்து நான்கு மாதங்கள் கழிந்தன. 1989 நவம்பர் 9ஆம் நாள் இரவு பேர்லின் மதில் திறந்தது. அரசியல் வரலாற்றாசிரியர்கள் அந்த இரவைப் பற்றிப் பல நூல்கள் எழுதியுள்ளனர். இசைக்கு அதனால் விளைந்ததோ, இடம்! கிழக்குப் பேர்லினில் உரிமையாளர் யாரென்று தெரியாத தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும் மின்நிலையங்களும் வெறிச்சோடிக் கிடந்தன. யூத வணிகக் குடும்பமொன்றிடமிருந்து நாஜிகள் பறித்துக்கொண்ட வேர்ட்ஹைம் பேரங்காடியின் நிலத்தடிப் பெட்டகசாலை அவற்றுள் ஒன்று. அங்காடி அழிந்து போயிற்று. துருவேறிய இரும்புப் பெட்டிகளுடன் நிலவறை மட்டும் எஞ்சியிருந்தது. 1991 மார்ச்சில் டிமித்ரி ஹேகமான் என்பவரும் நண்பர்களும் அங்கே 'ட்ரெசோர்' என்ற ஆடலரங்கைத் திறந்தனர். பெட்டகம் என்பதே அச்சொல்லின் பொருள். இருபத்தெட்டு ஆண்டுகள் மதிலின் இருபுறமும் வளர்ந்த இளைஞர், ஒருவரையொருவர் அறியாதவர், அந்த இருட்டறைகளிலே அருகருகே நின்று ஆடினர். நாடாளுமன்றங்களில் ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகிக்கொண்டிருந்தபோது, இரண்டு ஜேர்மனிகளும் உண்மையிலே சந்தித்த இடங்களுள் இந்நிலவறைகளும் சேரும் என்று துணிந்து கூறலாம்.

பவனி வளர்ந்தது. 1990இல் சுமார் 2,000 பேர். அடுத்த ஆண்டில் 6,000 பேர். 1990களின் நடுப்பகுதியில் எண்ணிக்கை இலட்சங்களிற் பேசப்பட்டது. குர்ஃபுர்ஸ்டன்டாம் கொள்ளாமற்போகவே, 1996இல் தீயர்கார்ட்டன் பூங்காவை ஊடறுத்துச் செல்லும் அகன்ற பெருவீதிக்குப் பவனி இடம்மாறியது. நடுவே வெற்றித்தூண், அதன் உச்சியிலே பொன்முலாம் பூசிய தேவதை. அதன் கீழே, ஒலிபெருக்கிகளை மலைபோல் அடுக்கிய லொறிகள் ஆமை வேகத்தில் நகர, கண்ணுக்கெட்டிய தூரம் மனிதத் தலைகள். அவ்வாண்டு ஏழரை இலட்சம் என்றனர். 1999இல் 15 இலட்சம் என்றனர். 'என்றனர்' என நாம் எழுதுவது காரணமில்லாமல் அன்று.

வளர்ச்சியோடு வேறு சிலவும் வளர்ந்தன. சிகரெட், பானக் கம்பனிகளின் விளம்பரங்கள் லொறிகளில் ஏறின. தொலைக்காட்சி நிலையங்கள் நேரடியாக ஒளிபரப்பின. விடுதிகள் நிரம்பின. அப்பம் நீதியாகப் பங்கிடப்பட்டதோ என்னவோ, விற்பனை அமோகமாக நடந்தது. மனம்வெறுத்த பழைய அன்பர்கள் 1997இல் ஓர் எதிர்ப் பவனியைத் தொடங்கினர். இன்னொரு பக்கத்தில் பூங்காவின் மரங்கள் முறையிட்டன. மரங்களுக்காகப் பேர்லின் மக்கள் சிலர் முறையிட்டனர். பத்து இலட்சம் பேருக்குப் போதிய கழிப்பிடம் எந்த நகரத்தில் இருக்கிறது? மிதிபட்ட புதர்களும் சிறுநீரில் நனைந்த வேர்களும் தொன் கணக்கான குப்பையும் பவனியின் மறுநாட் காட்சியாயின. ஆர்ப்பாட்டம் என்று பதிவாகியிருந்தமையால் குப்பை அள்ளும் செலவு நகரத்தின் தலையிலே விழுந்தது. 2001இல் பூங்காப் பாதுகாப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தனர். வழக்கமான நாளுக்கு, அதே இடத்தில், தங்கள் சொந்த ஆர்ப்பாட்டத்தை முந்திப் பதிவு செய்துவிட்டனர். ஆர்ப்பாட்டச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த பவனியை அதே சட்டத்தைக் கொண்டே அசைத்த சாதுரியம் இரசிக்கத்தக்கது.

அவ்வாண்டுதான் வினா நேராக எழுந்தது. ஆடுவது ஒரு கருத்தைச் சொல்வதாகுமா? 2001 ஜூலை 12ஆம் நாள் ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. பொதுமக்கள் அபிப்பிராயத்தை உருவாக்குவதிற் பங்குகொள்ளக் கூடுவதே கூட்டம் கூடும் சுதந்திரத்தால் காக்கப்படுகிறது. திரளாகக் கூடித் தம் வாழ்க்கை உணர்வைக் காட்டிக் களிப்பதனால் மட்டும் ஒரு விழா அப்பாதுகாப்பைப் பெறாது என்பதே அதன் சாரம். சட்ட நியாயம் எமக்கு விளங்குகிறது. எனினும் 1989இல் நடந்துசென்ற அந்த 150 பேரையும் 1999இன் விளம்பர லொறிகளையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தது முற்றிலும் சரியெனத் தோன்றவில்லை. வேடிக்கை என்னவெனில், அதே வேளையில் உரிமை மறுக்கப்பட்ட எதிர்ப் பவனிக்காரர் விடாது வழக்காடி, 2007இல் கூட்டாட்சி நிருவாக நீதிமன்றத்தில் தமது 2001ஆம் ஆண்டுப் பவனி அரசியற் கூட்டமே என்று தீர்ப்புப் பெற்றனர். வறியவர்களாய் இருந்தமை அவர்களுக்கு உதவிற்று போலும்.

ஆர்ப்பாட்டம் என்ற தகுதி போனதும் செலவு அமைப்பாளர் தலையில் வந்தது. 2004, 2005 ஆகிய இரண்டாண்டுகள் பவனியே இல்லை. பின்னர் உடற்பயிற்சி நிலையங்களின் பெருமுதலாளியான றைனர் ஷாலர் என்பவர் அதனைப் பொறுப்பேற்று 2006இல் மறுபடி நடத்தினார். டொக்டர் மொட்டே விலகிக்கொண்டார். அடுத்த ஆண்டு பேர்லினில் அனுமதி கிடைக்கவில்லை. ஐந்தாண்டு, ஐந்து நகரம் என்ற திட்டத்துடன் பவனி றூர் பிரதேசத்தின் நிலக்கரி, உருக்கு நகரங்களுக்குப் பெயர்ந்தது. 2007இல் எஸ்ஸன், 2008இல் டோர்ட்முண்ட். அங்கே 16 இலட்சம் என்று பறைசாற்றினர். 2009க்குரிய போஹூம் நகரம், தன் புகையிரத நிலையமும் வீதிகளும் இத்தனை திரளைத் தாங்கா எனக் கணக்கிட்டு முன்கூட்டியே மறுத்துவிட்டது. மறுத்ததற்காகப் பலருடைய ஏளனத்துக்கும் ஆளாயிற்று. 'முடியாது' என்று ஒரு நகரம் சொன்ன அந்தச் சொல்லின் பெறுமதி அடுத்த ஆண்டில்தான் விளங்கியது.

2010இல் றூர் பிரதேசம் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகரம். அந்த ஆண்டிலே பவனியைக் கைவிடுவது அவமானம் என்ற எண்ணம் மேலோங்கியிருந்தது. முறை டூயிஸ்பேர்க் நகருடையது. மொத்தச் சனத்தொகையே சுமார் ஐந்து இலட்சம். வீதியில் நடத்த இயலாமையால், கைவிடப்பட்ட சரக்குப் புகையிரத நிலையமொன்றை வேலியடைத்து அதற்குள் நடத்தத் தீர்மானித்தனர். அதுவரை திறந்த வீதியிலே ஓடிய வெள்ளத்தை முதன்முறையாகக் குளத்துள் அடைத்தனர். அக்குளத்துக்கு வாய்க்கால் எது? ஒரு வீதியின் மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் சுரங்கப்பாதைகள் வழியாக வருவோர் நடுவிலே சந்தித்து, ஒரே சரிவுப் பாதையால் மேலேற வேண்டும். வெளியேறுவோரும் அதே சரிவால் இறங்கி, அதே சுரங்கங்களால் போகவேண்டும்.

ஜூலை 24, சனிக்கிழமை பிற்பகல். மேலே லொறிகளைச் சுற்றிக் கூட்டம் தேங்கியது. சரிவின் உச்சியில் வந்தவர்கள் உள்ளே நகரவில்லை. கீழே வந்துகொண்டிருந்தோர் அதனை அறியார். போவாரும் வருவாரும் வேலிகளால் ஒடுங்கிய சரிவிலே எதிரெதிரே நின்றனர். பொலிசார் இட்ட தடைவரிசைகள் சில வேளை நெருக்கத்தை இன்னும் கூட்டின. பின்னர் அவை உடைந்தன. ஓரத்திலே ஒடுக்கமான படிக்கட்டொன்று இருந்தது. அது ஒன்றே வழியெனக் கண்ட மக்கள் அதனை நோக்கி நெருக்குண்டனர். ஐந்து மணியளவில் அந்தப் படிக்கட்டின் அருகே 21 பேர் உயிரிழந்தனர். காயமுற்றோர் 500க்கும் அதிகம். இறந்தவர்களிற் பெரும்பாலோர் இளைஞர். ஜேர்மானியரோடு ஸ்பெயின், இத்தாலி, ஒல்லாந்து, அவுஸ்திரேலியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மேலே இசை நிற்கவில்லை. உடனே நிறுத்தினால் திரள் ஒரேயடியாக வெளியேற முயன்று இன்னும் கேடு விளையும் என்று அஞ்சி, இரவு வரை ஆட விட்டனர். கீழே நடந்ததை அறியாமலே பலர் ஆடினர்.

மறுநாட் பத்திரிகைகள் 'பீதி' என்று எழுதின. கூட்டம் வெறிகொண்டு ஓடி ஒருவரையொருவர் மிதித்துக் கொன்றது என்பதே அச்சொல்லின் உட்பொருள். அது உண்மை அன்று. சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேர்க் ஹெல்பிங், பிரதிக் முகர்ஜி என்போர், அங்கிருந்தோர் எடுத்த காணொளிகளைக் கணம் கணமாக ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு சதுர மீற்றரில் ஆறு, ஏழு பேருக்கு மேல் நிற்கும்போது மனிதர் தம் இச்சைப்படி அசைய முடியாது. ஒருவர் உடலின் அசைவு மற்றவர் உடலுக்குக் கடத்தப்பட்டு, அலைபோலத் திரளெங்கும் பரவுகிறது. எவரும் தள்ளாமலே எல்லோரும் தள்ளப்படுகின்றனர். விழுந்தவர் மேல் விழுகின்றனர். மார்பு விரிய இடமின்றி மூச்சு நிற்கிறது. நின்றவாறே மூச்சிழந்தவர்களும் உண்டு. ஆகவே குற்றத்தைத் திரளின் மேற் சுமத்துவது, இறந்தவர்களை இறந்ததற்காகவே பழிப்பதற்கு ஒப்பாகும்.

எண்ணிக்கையைப் பற்றி இடைநிறுத்தியதை இங்கே முடிப்போம். டூயிஸ்பேர்க் மைதானத்தில் ஒரே வேளையில் இருப்பதற்கு அனுமதிக்கப்பட்ட தொகை இரண்டரை இலட்சம். அமைப்பாளர் அன்று உலகுக்கு அறிவித்த தொகை 14 இலட்சம். முந்திய ஆண்டுகளின் இலட்சங்களும் விளம்பரத்துக்காகப் பெருக்கப்பட்டவை என்பது பின்னர் வெளியாயிற்று. பெரிதாகச் சொன்னால் நகரங்கள் போட்டியிட்டு அழைக்கும். விளம்பரகாரர் பணம் தருவர். ஆனால் ஊதிப் பெருப்பித்த எண்ணோடு பழகிய அதிகாரிக்கு மெய்யான எண் எது, பொய்யான எண் எது என்ற பேதம் மங்கிவிடுகிறது. பத்து இலட்சம் என்பது வெறும் பேச்சு எனப் பழகியவர், மூன்று இலட்சத்தைக் கண்டு அஞ்சுவாரா?

வழக்கு நெடுங்காலம் நடந்தது. கூட்டப் பாதுகாப்பில் வல்லுநரான ஒரு பிரித்தானியப் பேராசிரியரின் அறிக்கையை ஆதாரமாகக் கொண்ட குற்றப்பத்திரிகையை, அவ்வறிக்கை குறைபாடுடையது எனக் கூறி டூயிஸ்பேர்க் நீதிமன்றம் 2016இல் ஏற்க மறுத்தது. மேல்நீதிமன்றம் மறுவருடம் அம்முடிவை மாற்றியது. 2017 டிசம்பரில் விசாரணை தொடங்கியபோது, எதிரிகளும் வழக்கறிஞர்களும் பெற்றோரும் அமரப் போதிய மண்டபம் டூயிஸ்பேர்க்கில் இல்லாதபடியால் டுசல்டோர்ஃப் நகரின் கண்காட்சி மண்டபத்திலே நீதிமன்றம் கூடியது. இசை பிறந்த ஊருக்கே கதை திரும்பிற்று. எதிரிகள் பத்துப் பேர்: நகராட்சி ஊழியர் அறுவர், அமைப்பாளரின் ஆட்கள் நால்வர். நகர மேயரோ ஷாலரோ அவர்களுள் இல்லை. மேயரை 2012இல் வாக்காளரே பதவி நீக்கிவிட்டனர். எழுவருக்கு எதிரான வழக்கு 2019 பெப்ரவரியிலும், எஞ்சிய மூவருக்கு எதிரானது 2020 மே 4ஆம் நாளிலும் தீர்ப்பின்றியே கைவிடப்பட்டன. கொரோனாத் தொற்று விசாரணையை இடைமறித்திருந்தது, காலவரையறையும் நெருங்கிவிட்டது. பலருடைய சிறு தவறுகள் ஒன்றுகூடிய விளைவு இது. தனியொருவர் தலையில் முழுப் பழியையும் ஏற்ற இயலாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. அறிவுக்கு இது ஏற்புடையதாகலாம். பிள்ளையை இழந்த தாய்க்கு, 'எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம்' என்பது ஒருவரும் இல்லை என்பதாகவே கேட்டிருக்கும்.

டூயிஸ்பேர்க்குக்குப் பின் லவ் பரேட் என்ற பெயரில் விழா நடக்கவில்லை. 2022 ஜூலை 9ஆம் நாள் டொக்டர் மொட்டே மீண்டும் பேர்லின் வீதிக்கு வந்தார். வேறு பெயர், ஆயினும் குர்ஃபுர்ஸ்டன்டாமில் தொடங்கி வெற்றித்தூணை நோக்கிச் சென்ற பவனி. பதிவு செய்தது எவ்வாறு என்று கேட்கிறீர்களா? அரசியல் ஆர்ப்பாட்டமாகவேதான். டெக்னோவைப் பண்பாட்டு மரபாக அங்கீகரிக்க வேண்டும் என்பதும் அதன் கோரிக்கைகளுள் ஒன்று. 2024 மார்ச்சில் அது நிறைவேறியது. பேர்லினின் டெக்னோப் பண்பாடு, ஜேர்மனியின் அருவ மரபுரிமைகளின் தேசியப் பட்டியலில் இடம்பெற்றது.

டூயிஸ்பேர்க்கில் அந்தச் சரிவுப் பாதையின் ஒரு பகுதி இன்றும் நினைவிடமாகப் பேணப்படுகிறது. ஜூலை 23ஆம் நாள் மாலையில், நினைவுநாளுக்கு முந்திய இரவிலே, உறவினரும் அன்று உயிர்தப்பியவர்களும் ஊர்மக்களும் அங்கே கூடி அகல்கள் ஏற்றுவது வழக்கமாயிற்று. படிக்கட்டு அருகே இருக்கிறது. அதன் பக்கத்தில் 21 பெயர்கள்.