மூடியில் இன்னும் எத்தனை பிடி?

ரப்பர்த் தோட்டங்கள் வருவதற்கு முன்பே சிரம்பானை ஊராக்கியது ஈயம்தான். அன்று இந்த வட்டாரத்தின் பெயர் சுங்கை ஊஜோங். தோண்டிய ஈயம் லிங்கி ஆற்றில் படகேறிப் போனது. 1891-இல் போர்ட்டிக்சன் வரை ரயிலே ஓடத் தொடங்கியது. ஈயம் விற்ற காசுதான் அடுத்த குழிக்கும் ஆட்களுக்கும் முதல்.

மண்ணுக்குள் இருப்பது தீரும் என்பது தெரிந்த சேதி. எப்போது உச்சம் தொட்டு இறங்கும் என்று கணக்கிடுவது எப்படி? ஒரு தேங்காய் மூடியும் துருவியும் போதும்.

மூடியில் 10 பிடி பூ இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் கை பழகாமல் மெதுவாக விழும். நடுவில் சரசரவென்று கொட்டும். ஓட்டை நெருங்கியதும் பழுப்புத் தோல் கலந்துவிடாமல் பார்த்துப் பார்த்துச் சுரண்ட வேண்டும். ஆக, வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: இதுவரை துருவியதால் வந்த பழக்கம், இன்னும் ஒட்டியிருக்கும் மிச்சம். இரண்டையும் பெருக்குங்கள். 2 பிடி துருவி 8 மீதி என்றால் 16. ஐந்துக்கு ஐந்து 25. 8 துருவி 2 மீதி என்றால் மறுபடியும் 16. பாதி மூடி மிச்சமிருக்கும்போதே இறக்கம் தொடங்கிவிடுகிறது. பலருக்கு உறைக்காத இடம் இதுதான்.

அமெரிக்க நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் 1956-இல் தம் நாட்டு எண்ணெய்க்கு இப்படியொரு மணி வடிவக் கோடு வரைந்தார். மொத்தம் 15,000 கோடி பீப்பாய் என்றால் 1965 வாக்கில் உச்சம். 20,000 கோடி என்றால் 1970 வாக்கில். 1970-இல் உச்சம் வந்தது. ஆனால் ஷேல் பாறையை உடைத்து எடுக்கும் வித்தை கைவந்ததும், 2018-இல் அமெரிக்கா அந்த உச்சத்தையும் தாண்டியது. புதுத் துருவி வந்தால் மூடியே பெரிதாகிவிடுகிறது.

நம் நாட்டு ஈயம் ஒரே மணியாகக்கூட வரவில்லை. 1940-இல் ஓர் உச்சம், ஜப்பானியர் காலத்தில் படுபாதாளம், 1972-இல் ஏறத்தாழ 76,000 டன்னோடு இன்னொன்று. அதன்பின் வளமான நிலம் மெலிந்து இறக்கம். 1985 அக்டோபரில், விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றம் காசில்லாமல் கைவிரித்தது. விலை ஏறத்தாழப் பாதியாகி, சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. 1994-இல் உற்பத்தி 7,000 டன்னுக்கும் கீழே. ஈயம் ஒரே இரவில் ஆவியாகிவிடவில்லை. தேங்காய் மலிந்தால் யார் ஓடு வரை சுரண்டுகிறார்கள்?

அதனால் யாராவது "மொத்தம் இத்தனை பிடி" என்றால், எந்த விலைக்கு என்று முதலில் கேட்பேன். பேராக்கின் கிளியான் இந்தானில் இன்றும் ஈயம் எடுக்கிறார்கள்.