அத்திரம்பாக்கத்துக் கல்லின் வயது

பெரியபாளையத்துக்கு மேற்கே, பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் இங்கே கைக்கோடரிகளைக் கண்டார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு அதுதான் தொடக்கம். ஆனால் அந்தக் கற்கள் எவ்வளவு பழையவை என்பதற்கு உறுதியான விடை 2011இல்தான் வந்தது. அதைச் சொன்னது கருவியின் வடிவம் அல்ல. கல்லுக்குள் இருக்கும் அணுக்களும், கல் புதைந்துகிடந்த மண்ணும் சேர்ந்து சொன்ன விடை அது. அதனால்தான் மண்ணை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் காப்பது வீண் என்கிறேன்.

பழம்பொருளை ஆராய்வது என்றதும் பலருக்கும் எகிப்து நினைவுக்கு வரும். துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த இரும்புக் குத்துவாளை எக்ஸ் கதிர் முறையில் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் ஏறத்தாழ 11 சதவீதம் நிக்கல் இருந்தது. அது விண்கல்லிலிருந்து வந்த இரும்பு. வாளுக்கு ஒரு கீறலும் விழவில்லை. அது எந்தக் காலத்து வாள் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. மன்னனின் கல்லறையே காலத்தைச் சொல்லிவிட்டது. அத்திரம்பாக்கத்தில் எழுத்து இல்லை, மன்னன் இல்லை. கரிமக் கணிப்பும் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் செல்லாது. மிஞ்சியது குவார்ட்சைட் கல் மட்டுமே.

அந்தக் கல்லே போதுமானதாக இருந்தது. தரையின் மேல் கிடக்கும் கல்லை விண்வெளிக் கதிர்கள் தாக்கும்போது, அதிலுள்ள குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இரு கதிரியக்க அணுக்கள் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உருவாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர்கள் அதை எட்டுவதில்லை. இருக்கும் அணுக்கள் சிதைந்துகொண்டே போகும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியத்துக்கு அதைப் போல இரு மடங்கு காலம் வேண்டும். ஆகவே விகிதம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். சென்னை சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பிரெஞ்சு அறிவியலாளர்களுடன் சேர்ந்து இப்படிக் கணித்த சராசரி வயது 15.1 லட்சம் ஆண்டுகள். 70,000 ஆண்டுகள் கூடலாம், குறையலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்தக் கல் ஆதிமனிதன் கையில் எடுப்பதற்கு முன்பே ஒருமுறை மண்ணுக்குள் கிடந்திருந்தால்? அப்போது கணக்கு உண்மையைவிட அதிக வயதைக் காட்டும். நியாயமான ஐயம்தான். அதைத் தீர்த்துவைத்தது மண். கருவிகள் கிடந்த களிமண் அடுக்குகள், பூமியின் காந்தப்புலம் தலைகீழாக இருந்த காலத்தில் படிந்தவை. அந்த அடுக்குகளின் வயது 10.7 லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது. 15 லட்சத்தைப் பற்றி வாதாடலாம், 10.7 லட்சத்துக்குக் கீழே இறங்க இடமில்லை. இந்த அணுக்களை அளக்கக் கல்லை நொறுக்கி அமிலத்தில் கரைப்பது தொல்பொருளை அழிப்பதாகாதா என்றும் கேட்கலாம். ஆயிரக்கணக்கான கற்கள் உள்ள இடத்தில், சிலவற்றைக் கொடுத்து எல்லாவற்றின் காலத்தையும் அறிவது இழப்பாகாது என்பது என் கருத்து. மேல் அடுக்குகளின் வயதை ஒளிர்வு முறையில் கணிக்கவும் மண்தான் உதவியது. 2018இல் வெளியான அந்த ஆய்வு, இங்கே இடைப் பழங்கற்காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதாகக் காட்டியது.

இதைத் தமிழரின் பழமைக்குச் சான்றாகச் சிலர் காட்டுகிறார்கள். அது சரியல்ல. நம் மனித இனத்துக்கே வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். அத்திரம்பாக்கத்தின் முதல் கருவிகளைச் செய்தவர்கள் நமக்கு முந்தைய வேறொரு மனித இனம். எலும்பு எதுவும் கிடைக்காததால் அவர்களுக்குப் பெயர்கூடச் சூட்ட முடியாது. பெருமைப்பட வேண்டுமானால், அவர்களின் தடம் இவ்வளவு தெளிவாக நம் திருவள்ளூர் மாவட்டத்தில் நிலைத்திருப்பதற்காகப் பெருமைப்படலாம்.

அந்தத் தடம் கிடப்பது செம்மண்ணிலும் சரளையிலும் களிமண்ணிலும். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் ஆலைக்கும் சாலைக்கும் மனைக்கும் லாரி லாரியாகத் தேவைப்படுவதும் செம்மண்ணும் சரளையும்தான். எனவே மண் எடுக்க அனுமதி தருவதற்கு முன் தொல்லியல் துறை அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும். ஊர்க்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: இருபுறமும் செதுக்கிய கல் ஏதாவது கண்ணில் பட்டால் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, பூண்டியில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.